இஷ்ட பீரியடில் ஒரு துடைப்பம்

மூன்றாம் வகுப்பு 'அ' பிரிவின் சுவரில் கட்டியிருந்த கயிற்றில் தன் மகளின் கிளிப் எங்கே தொங்குகிறது என்று பார்த்ததும் சாவியக்காவுக்குக் கையிலிருந்த வாளி கனத்துப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சாவியக்கா என்றுதான் பெயர். பதினோரு வகுப்பறை, ஆபீஸ், நூலக அறை, எல்லாவற்றின் சாவியும் ஒரே வளையத்தில் கோத்து அவள் இடுப்பில் தொங்கும். காலையில் திறப்பவளும் அவள்தான், சாயங்காலம் கூட்டித் துடைத்துப் பூட்டுபவளும் அவள்தான். "காலைத் தூக்கு" என்பது அவள் ஒரு நாளில் ஐம்பது தடவை சொல்லும் வார்த்தை. மணி அடித்த பிறகும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், ஆபீஸ் கிளார்க்கிடம், வீட்டில் புருஷனிடம், எல்லாரிடமும் ஒரே குரலில்தான் சொல்வாள். ஒருமுறை வேலை மும்முரத்தில் தலைமையாசிரியரிடமே சொல்லிவிட்டாள். அவரும் மறுபேச்சில்லாமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கோப்பைப் படித்தார்.

மகளுக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர். அப்பா வைத்தது. ஆள் ஒல்லி, கேள்விகள் கூர், எங்கே இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே காலடியில் வந்து குத்துவாள்.

இந்தக் கயிறும் கிளிப்பும் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. புதிதாக வந்த வகுப்பு டீச்சரின் வேலை. வந்த அன்றே அந்தப் பெண் சாவியக்காவைத் தேடி வந்து, "அக்கா, ரெண்டு ஆணியும் ஒரு சுத்தியலும் கிடைக்குமா?" என்று கேட்டது. அன்றிலிருந்து சாவியக்காவின் வாயில் அது ஆணி டீச்சர். சுவரில் இரண்டு ஆணி, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் ஆறு அட்டைகள். எண்கள், கதை, களிமண், தண்ணீர் அளவு, மரக்கட்டை என்று ஐந்தில் எழுதியிருந்தது. ஆறாவது வெறும் அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் துணி காயப்போடுகிற மரக் கிளிப் ஒன்று, அதில் அவரவர் வரைந்த படம். சாயங்காலம் மணி அடிக்கும் முன், நாளைக்கு எதைச் செய்யப்போகிறோமோ அந்த அட்டையில் கிளிப்பை மாட்டிவிட்டுப் போக வேண்டும். மறுநாள் மதிய மணிக்கு முந்திய ஒரு மணி நேரம் அவரவர் மாட்டியதைச் செய்யலாம். வெறும் அட்டையில் மாட்டினால் தன் மனதில் இருப்பதைச் செய்யலாம். ஆனால் என்ன என்று படம் வரைந்து அட்டையில் குத்திவிட வேண்டும். அதற்குப் பிள்ளைகள் இஷ்ட பீரியட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கயிற்றுக்குக் கீழே, பிள்ளைகளே கூடிப் போட்ட சட்டம் ஒன்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அடுத்தவர் கிளிப்பைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரு நாள் தன் கிளிப்பை இழக்க வேண்டும்.

சாவியக்கா ஐந்தாவது வரை படித்தவள். அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் தினமும் அந்த அறையைக் கூட்டுவாள். மற்ற அறைகளைவிட அதில் வேலை இரட்டிப்பு. களிமண்ணைச் சுரண்ட வேண்டும், சிந்திய தண்ணீரைத் துடைக்க வேண்டும், எண்பத்து நாலு மரக்கட்டைகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும். நீளக்கட்டைகளை முதலில் போடாவிட்டால் பெட்டி மூடாது. இத்தனை வேலை வைத்தும் அவளுக்கு ஆணி டீச்சர் மேல் கோபம் வரவில்லை. பிள்ளைகள் காலையில் அந்த அறைக்குள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் கோபப்பட முடியாது.

அன்று சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

சுண்டைக்காய் அளவு முகமும் இரட்டைச் சடையும் வரைந்திருந்த குண்டூசியின் கிளிப், வெறும் அட்டையில் தொங்கியது. அட்டையில் குத்தியிருந்த காகிதத்தில் ஒரு துடைப்பம். ஈர்க்கு ஈர்க்காக, கட்டுக் கயிறு உட்பட, பொறுமையாக வரைந்த துடைப்பம். பக்கத்தில் ஒரு முறம்.

சாவியக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பெண் பிறந்த அன்றே அவள் மனதுக்குள் போட்டுக்கொண்ட தீர்மானம் ஒன்று உண்டு. இவள் கையில் துடைப்பம் ஏறக் கூடாது. வீட்டில்கூடக் குண்டூசி கண் விழிப்பதற்குள் கூட்டி முடித்துத் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள். பள்ளியில் சாயங்காலம் அவள் வேலை முடிக்கும் வரை மகள் வாசல் கேட்டருகே வாட்ச்மேனோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். உள்ளே வந்தால் உதவுகிறேன் என்று எதையாவது தொட்டுவிடுவாள் என்ற பயம். எட்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்ததை, ஒரு கயிறும் கிளிப்பும் கெடுத்துவிட்டதே. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொன்னதும் பெண் நேராகப் போய் அதையா எடுக்க வேண்டும்?

எழுந்தாள். வாசலை ஒரு தடவை பார்த்தாள். கிளிப்பைக் கழற்றி எண்கள் அட்டையில் மாட்டினாள். துடைப்பப் படத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. அதையும் எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல் கேட்டுக்குப் போனாள்.

மறுநாள் வீட்டுக்கு நடக்கும்போது அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"இன்னைக்கு இஷ்ட பீரியட்ல என்ன பண்ணே?"

"எண்கள்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் அங்க மாட்டலம்மா."

"மறந்திருப்பே."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாளும் துடைப்பத்தில் தொங்கியது, எண்களுக்குப் போயிற்று. அதற்கடுத்த நாள் ஒரு மாறுதலுக்காகக் கதைக்கு மாற்றினாள். ஒரே இடத்தில் மாட்டினால் சந்தேகம் வரும் அல்லவா. நாலாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது குண்டூசி தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, சின்னப் பிள்ளைங்களுக்கு ஞாபக மறதி வருமா?"

அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார். "எனக்கு வரும். பெரிய டிப்போ முன்னாடி வண்டிய நிறுத்திட்டு எங்க நிறுத்தினேன்னு தேடியிருக்கேன். ஏன்டா கண்ணு?"

"நான் ஒண்ணு மாட்டுறேன். காலைல வேற எங்கயோ இருக்கு. நான் மாட்டினேனா மாட்டலையான்னு எனக்கே தெரியல."

"என்ன மாட்டினே?"

"தொடப்பம்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள். மகள் படுத்த பிறகு அவர் மெல்லக் கேட்டார். "ஏம்மா, உன் பொண்ணு தொடப்பம் புடிச்சா என்ன இப்போ? நான் பஸ் ஓட்டுறேன். அவ பஸ் படம் வரைஞ்சா நீ சந்தோஷப்படுற."

"பஸ்ஸும் தொடப்பமும் ஒண்ணா?"

"ரெண்டும் ஊரைச் சுத்தித்தான் வருது."

"காலைத் தூக்குங்க," என்றாள் அவள். கூட்ட வேண்டிய நேரமே இல்லை அது. பேச்சை முடிக்கத்தான் சொன்னாள். அவர் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் இந்த விவகாரம் வகுப்புக்கு வந்துவிட்டது. வாட்ச்மேன்தான் முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார். "உன் பொண்ணு கிளாஸ்ல போலீஸ் ஸ்டேஷன் நடக்குதும்மா. கிளிப் தானா நடக்குதாம். கண்டுபிடிக்கிறாங்களாம்."

சாவியக்கா நடை பெருக்குகிற சாக்கில் ஜன்னலோரம் போய் நின்றாள். உள்ளே, டீச்சரிடம் கேட்டு அன்று காலையிலேயே மாற்றி மாட்டிய அத்தனை கிளிப்பும் வெறும் அட்டையில் மொய்த்துக் கிடந்தன. ஒரே ஒரு படம் குத்தியிருந்தது: கால் முளைத்த ஒரு கிளிப். இரண்டு பிள்ளைகள் மின்விசிறியை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டி வைத்து, காற்றில் கிளிப் நகர்கிறதா என்று பார்த்தார்கள். எலிதான் என்று ஒருத்தி சொன்னதற்காகத் தரையிலிருந்து கயிறு வரை அளந்து, எந்த எலிக்கும் அவ்வளவு எட்டாது என்று எழுதினார்கள். நாலு பேர் சுவரோரம் நின்று கையைத் தூக்கி, யார் யாருக்கு எட்டுகிறது என்று கோடு போட்டார்கள். எட்டாதவர்கள் பெயரை அடித்துவிட்டார்கள். போன வாரம் வரை கழித்தல் கணக்கென்றால் கண்ணைக் கசக்கிய பிள்ளைகள், முப்பத்திரண்டில் இத்தனை போனால் மிச்சம் எத்தனை பேர் என்று தாங்களாகவே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆணி டீச்சர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. யாராவது வந்து "சரியா டீச்சர்?" என்று கேட்டால், "உனக்கு என்ன தோணுது?" என்றது. அவ்வளவுதான் அதன் வேலை.

கூட்டத்தில் ஒரு பொடியன் மட்டும் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தான். எதையும் சட்டம் பேசுவதால் அவனை எல்லாரும் வக்கீல் என்பார்கள். "ராத்திரி பொடி தூவி வெச்சா கால் தடம் விழும்," என்றான் வக்கீல். "யார் காலுன்னு அளந்து பார்த்துடலாம்."

அதற்குள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பொடிப் பேச்சு அவள் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் மூன்றாம் வகுப்பைத் திறந்தால், கயிற்றுக்கு முன்னால் தரை முழுக்க வெள்ளை. சாக்பீஸ் தூள்.

"என்ன பிள்ளைங்க இதுங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே கூட்டினாள். ஒரு தரம் கூட்டினால் போகிற தூளா அது? ஈரத்துணி போட்டு இரண்டு தடவை துடைத்தாள். மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று ஆனது. கட்டைகளை அடுக்கினாள். கடைசியாக, துடைப்பத்தில் தொங்கிய மகளின் கிளிப்பை எண்களுக்கு மாற்றிவிட்டுப் பூட்டினாள்.

குழாயடியில் துணியை அலசும்போதுதான் தண்ணீர் பால் மாதிரி ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வக்கீலின் குரல் இப்போதுதான் மனதில் விழுந்தது.

திரும்பிப் போய்க் கிளிப்பைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று நடந்தாள். ஆனால் கேட்டிலிருந்து குண்டூசி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சீக்கிரம் வா. சீக்கிரம் போனாத்தானே சீக்கிரம் காலைல வர முடியும்."

காலையில் சாவியை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாகக் குண்டூசி முன்னால் ஓடினாள். கதவு திறந்தது. தரை, முகம் பார்க்கலாம் போல இருந்தது. கயிற்றில் அவள் கிளிப் எண்களில் தொங்கியது.

குண்டூசி கிளிப்பைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தாள். குனிந்து ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அப்போது அந்தச் சின்ன முகத்தில் ஏதோ ஒன்று போய் அதனிடத்தில் பொருந்தியது சாவியக்காவுக்குத் தெரிந்தது. மகள் ஏதாவது கேட்பாள் என்று நின்றாள். அவளோ பையை மாட்டிவிட்டு விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

இஷ்ட பீரியட் மணி அடித்தபோது சாவியக்கா வெளி ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"தூளைக் கூட்டிட்டாங்க. கூட்டின தரையிலயும் தடமே இல்ல," என்றான் வக்கீல். "அப்போ வெளியாள் யாரும் வரல. கிளிப் மட்டும் மாறியிருக்கு. அதுவும் இவ கிளிப் மட்டும். முப்பத்திரண்டு பேர்ல வேற யாருதும் மாறல. ஏன்?"

எல்லாரும் குண்டூசியைப் பார்த்தார்கள்.

"இவளே சாயங்காலம் எண்கள்ல மாட்டிட்டு, தொடப்பத்துல மாட்டினேன்னு பொய் சொல்றா. எல்லாரும் அவளையே பேசணும்னு."

"நான் பார்த்தேனே, நேத்து தொடப்பத்துலதான் மாட்டினா," என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

"மணி அடிச்சப்புறம் திரும்ப வந்து மாத்தியிருப்பா. அவ அம்மாகிட்டதான் சாவி இருக்கே."

குண்டூசிக்குக் காது சிவந்துவிட்டது. ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவள் படும் பாடு வெளியே நின்றவளுக்குத் தெரிந்தது.

"நீ என்னம்மா சொல்றே?" என்றது ஆணி டீச்சர்.

"நான் இன்னும் யோசிக்கணும் டீச்சர்."

டீச்சரும் தரையைப் பார்த்தது. மூலை முடுக்கு வரை பளிச்சென்று இருந்த தரையை. பிறகு, "சரி, யோசி. நாளைக்குப் பேசலாம்," என்றது. சாவியக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாவிக்கொத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துச் சத்தம் வராமல் நடந்தாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது குண்டூசி கேட்டாள்.

"அம்மா, உனக்குக் கணக்குன்னா ரொம்ப இஷ்டமா?"

"ஏன்டி?"

"என் கிளிப்பை அங்கயே மாட்டுறியே."

பச்சை விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி சிவப்பு வந்துவிட்டது. அவர்கள் நகரவில்லை.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"காலைல. பொடி மேல யார் நடந்தாலும் தடம் விழும். கூட்டுறவங்களுக்குத்தான் விழாது. அதுவும் அவ்வளவு சுத்தமா வேற யாருக்குக் கூட்டத் தெரியும்?"

சாவியக்கா மகள் பக்கம் திரும்பினாள். "அப்புறம் ஏன் சொல்லல? உன்னைப் பொய்க்காரின்னு சொல்றான் அவன்."

"சொன்னா உன் சாவியெல்லாம் வாங்கிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு."

சாலையோரத்துச் சிமெண்டுத் திட்டில் சாவியக்கா உட்கார்ந்தாள். மகளையும் இழுத்து உட்கார வைத்தாள். "எனக்குக் கணக்கு இஷ்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் கையில தொடப்பம் வேண்டாம்னுதான் மாத்தினேன். அத்தனை விளையாட்டு இருக்கே, எதுக்குடி போயும் போயும் அது?"

"நீதானே சொல்லுவே."

"நான் என்ன சொன்னேன்?"

"தினம் சாப்பிடும்போது அப்பாகிட்ட சொல்லுவியே. ஆறாங்கிளாஸ்ல இன்னைக்குப் பரீட்சை, ரப்பர் தூளே ஒரு கைப்பிடின்னு. எட்டாங்கிளாஸ்ல ரெண்டு பேருக்குச் சண்டை, ஒரே நூல்ல மூணு பட்டன் கிடந்துச்சுன்னு. கிளார்க் சார் பட்டினி கிடக்கிறேன்னு சொல்றாரு, மேஜைக்கடியில பிஸ்கட் தூள்னு. குப்பையப் பார்த்தாலே அங்க என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுது. எனக்கும் அப்படிக் கண்டுபிடிக்கணும்." குண்டூசிக்கு இப்போது மூச்சு வாங்கியது. "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நான் செஞ்சேன், அப்போ நீ மாத்தல. டீச்சர் அலமாரியில ஒரு செருப்பு டப்பா இருக்கு. எல்லாம் பிரிச்சு வெச்சிருக்கேன். எத்தனை பென்சில் சீவல், எத்தனை ரப்பர் துண்டு, எத்தனை பட்டன்னு நோட்டுல கட்டம் போட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை சீவல் அதிகம், ஏன்னா அன்னைக்குத்தான் டிராயிங். ஒருத்தியோட தோடு திருகாணிகூட எடுத்துக் கொடுத்தேன்."

அந்த வாரம் சாவியக்கா காய்ச்சலில் படுத்திருந்தாள். வேறொருத்தி வந்து கூட்டிவிட்டுப் போனாள். அதனால்தான் அவள் கண்ணில் படவில்லை.

குப்பைக் கதைகளைப் புருஷனைச் சிரிக்க வைக்கத்தான் அவள் சொல்வாள். பக்கத்தில் ஒரு ஜோடிக் காது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வா, இருட்டப்போகுது," என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இஷ்ட பீரியடில் அவள் வாளியோடு வகுப்புக்குள் நுழைந்தாள். வாளி எதற்கென்று அவளுக்கே தெரியாது. வெறுங்கையோடு ஒரு அறைக்குள் நுழைந்து பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஆணி டீச்சர் தரையிலிருந்து எழுந்தது. "வாங்க அக்கா. நீங்களா வருவீங்கன்னுதான் நான் கேக்காம இருந்தேன்."

முப்பத்திரண்டு முகங்களும் திரும்பின. இத்தனை பேர் முன்னால் அவள் "காலைத் தூக்கு" தவிர வேறு எதையும் பேசியதில்லை.

"கிளிப்பை மாத்தினது நான்தான்," என்றாள். "இவ ஒண்ணும் பண்ணல. இவ பொய் சொல்லல. நான்தான் தினம் சாயங்காலம் மாத்தினேன். பொடியக் கூட்டினதும் நான்தான். அது மட்டும் வேணும்னு செய்யல. குப்பைன்னு நெனச்சுட்டேன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். குண்டூசி பெஞ்சின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மாத்தினீங்க சாவியக்கா?" வக்கீல் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"நான் இதையே தினம் செய்யறேன். என் பொண்ணாவது வேற செய்யட்டும்னு நெனச்சேன்."

பின் வரிசையிலிருந்து ஒரு குண்டுப் பையன் எழுந்தான். "ஆனா சாவியக்கா, அவ தொடப்பத்தை எங்க யாருக்குமே தர மாட்டேங்கிறா. நான் ரெண்டு வாரமா கேக்கறேன்."

"நானும்," என்றது இன்னொரு குரல்.

"வரிசையில வாங்க," என்றாள் குண்டூசி. "பழக்கம் இல்லாதவங்க கூட்டினா சீவலும் தூளும் ஒண்ணாயிடும்."

சாவியக்கா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தது.

வக்கீல் தொண்டையைச் செருமினான். "சட்டப்படி அடுத்தவங்க கிளிப்பைத் தொட்டா ஒரு நாள் தன் கிளிப்பை இழக்கணும்." சட்டத்தைக் கையால் காட்டினான். பிறகு அவன் முகம் சுருங்கியது. "ஆனா இவங்களுக்குக் கிளிப்பே இல்லையே. எதை எடுக்கிறது?"

வகுப்பில் பெரிய விவாதமாகிவிட்டது. சாவியை எடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான். குண்டூசி எழுந்து நின்றுவிட்டாள். சாவியை எடுத்தால் நாளைக்கு யார் கதவைத் திறப்பது என்று வக்கீலே அதை அடித்துவிட்டான். மன்னித்து விட்டுவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். அப்படியென்றால் நேற்று தன் கிளிப்பை எடுத்தது மட்டும் நியாயமா என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. முதலில் சாவியக்காவுக்கு ஒரு கிளிப் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் எடுக்க முடியும்.

உடனே கிளிப் ஒன்று வந்தது. யார் படம் வரைவது என்று அடிதடி ஆகாத குறை. குண்டுப் பையன் வரைந்தான். ஒரு பெரிய வளையம், அதில் பதினோரு சாவி. எண்ணிப் பார்த்து, ஆபீஸையும் நூலகத்தையும் விட்டுவிட்டாயே என்று வக்கீல் சொல்ல, இன்னும் இரண்டு சேர்த்தான். கிளிப்பைச் சாவியக்கா கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் திருப்பிப் பார்ப்பதற்குள் வக்கீல் வாங்கிக்கொண்டான்.

"ஒரு நாள் தண்டனை," என்றான். "சனி, ஞாயிறு கணக்கில் வராது. திங்கட்கிழமை சாயங்காலம் கிடைக்கும்."

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் அந்த அறையைத் திறந்தபோது, கயிற்றின் கடைசியில், எந்த அட்டையிலும் சேராமல், அவள் கிளிப் தனியாகத் தொங்கியது. அதன் கீழே டீச்சரின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. நாளைக்கு அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேறு வேலை கிடையாது, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமோ மாட்டுங்கள்.

குண்டூசியின் கிளிப் துடைப்பத்தில் இருந்தது. சாவியக்கா அதைத் தொடவில்லை. அந்தப் படத்தின் ஓரம் மடங்கியிருந்ததை மட்டும் நீவிவிட்டாள். பிறகு தன் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு மாதமாகத் தூசி தட்டிய அட்டைகள்தான். தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது அவளுக்கு எப்போதும் இருக்கிறது. களிமண், சுரண்டிச் சுரண்டி வெறுத்துவிட்டது. கதையில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மரக்கட்டைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். எண்பத்து நாலு கட்டை. ஒவ்வொரு நாளும் அவள்தான் அடுக்கி மூடுகிறாள். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவு உயரம் போகும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

மறுநாள் அவள் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து இருபத்தேழாவது கட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். கோபுரம் லேசாக ஆடியது. குண்டுப் பையன் பக்கத்தில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, "இடது பக்கம், இடது பக்கம்," என்று கிசுகிசுத்தான். சாவிக்கொத்து தட்டி எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று அதைக் கழற்றி வக்கீலிடம் கொடுத்திருந்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காவல் நின்றான்.

சரக் சரக் என்று துடைப்பம் நெருங்கி வந்தது. ஈர்க்கை அழுத்தாமல், தூள் பறக்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு. கையை யார் அப்படிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சாவியக்கா ஒரு கணம் நினைத்தாள். துடைப்பம் அவள் பாதத்தருகே வந்து நின்றது.

"அம்மா," என்றாள் குண்டூசி. "காலைத் தூக்கு."

இருபத்தெட்டாவது கட்டையைக் கையில் பிடித்தபடியே சாவியக்கா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள்.